கை போனதற்கு வந்த பணம் சம்பளம் ஆகாது: நேரடி வரிகள் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வேலையில் கையையோ காலையோ கண்ணையோ இழந்த ஒருவருக்கு விபத்துக் காப்பீட்டிலிருந்து வரும் பணம் வருமானமா, இல்லையா? 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இதற்கு நேரான பதில் இல்லை. அந்தச் சட்டத்தின் இடத்தில் 536 பிரிவுகளுடன் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மொழி எளிதாகியிருக்கிறது, பழையவை பல கழிக்கப்பட்டிருக்கின்றன என்றார்கள். இந்தக் கேள்வி மட்டும் கேட்பாரில்லாமல் கிடக்கிறது. அதற்கான விலையை என் வீட்டில் ஒருவன் கொடுத்திருக்கிறான். அதனால்தான் எழுதுகிறேன்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீடு. கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் உள்ள சிறு கம்பெனிகளுக்குச் சம்பளப் பட்டியல் போடுவது, டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) கட்டுவது, காலாண்டுக் கணக்கு தாக்கல் செய்வது, இதுதான் என் தொழில். முதலாளியின் பயமும் தெரியும், தொழிலாளியின் வயிற்றெரிச்சலும் தெரியும் என்கிற இடத்தில் இருந்து பேசுகிறேன். தன் குறையைத் தீர்க்கக் கோரி மத்திய அரசின் எந்த அதிகாரிக்கும் நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் மனு கொடுக்கலாம் என்று அரசியல் சாசனத்தின் 350ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் தாலுகாவில் பல வீடுகளில் பேசும் மொழி தமிழ். ஆகவே தமிழில் எழுதுகிறேன்.

என் தம்பிக்கு வயது 41. கஞ்சிக்கோட்டில் தகடு வேலை செய்யும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். மாதம் 48,000 ரூபாய் சம்பளம். இஎஸ்ஐ எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் சம்பள வரம்பு 21,000 என்பதால் அவனுக்கு இஎஸ்ஐ கிடையாது. அதற்குப் பதிலாக கம்பெனி எல்லோருக்கும் சேர்த்து ஒரு குரூப் விபத்து பாலிசி எடுத்திருந்தது. அதில் 10 லட்சத்துக்கான பிரிமியத்தைக் கம்பெனி கட்டியது. வேண்டுமென்றால் இன்னொரு 10 லட்சம் கூட்டிக்கொள்ளலாம், அதற்கான பிரிமியம் சம்பளத்தில் பிடிக்கப்படும் என்றார்கள். இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று அவன் கூட்டிக்கொண்டான். ஆக மொத்தம் 20 லட்சம். அதில் பாதி அவன் காசில் எடுத்தது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

2025 மே முதல் வாரத்தில் அச்சை (டை) மாற்றும்போது, தகட்டை அழுத்தும் பவர் பிரஸ் இயந்திரத்தில் அவனுடைய இடது கை மாட்டிக்கொண்டது. கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் வீட்டில் இருந்தான். அந்த ஆறு மாதமும் சம்பளம் இல்லை. பாலிசியில் ஒரு கை போனால் காப்பீட்டுத் தொகையில் 50 சதவீதம் என்று போட்டிருந்தது, அதாவது 10 லட்சம். வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கு வாரம் 5,000 வீதம் 26 வாரத்துக்கு 1,30,000. கம்பெனியில் யாரும் இழுத்தடிக்கவில்லை. காகிதம் எல்லாம் அவர்களே தயார் செய்தார்கள், கிளெய்மும் முழுதாக வந்தது. முதலாளி மேல் எனக்குக் குறை இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி வரவேண்டியது தனியாக நடக்கிறது. அதை இதில் கலக்கவில்லை.

பணம் வந்த அக்டோபர் மாதத்துப் பே ஸ்லிப்பை உங்கள் முன் வைக்கிறேன். வேலை செய்த நாட்கள்: 0. அடிப்படைச் சம்பளம்: 0. வீட்டு வாடகைப் படி: 0. அதற்குக் கீழே "இதர வருவாய்" என்ற தலைப்பில் 11,30,000. பிடித்தம் என்ற பக்கத்தில் வருமான வரி 84,708. கையில் கிடைத்தது 10,45,292. அந்தத் தாளை மேசையில் வைத்து, மணிக்கட்டின் மொண்ணை முனையால் அது நகராமல் அழுத்திக்கொண்டு, வலது கையால் கையெழுத்துப் போட்டான் என் தம்பி. தொகையைப் பார்த்துவிட்டு அவன் கேட்டது இதுதான்: "அக்கா, நான்தான் ஒரு நாளும் வேலைக்கே போகலையே, எதுக்குச் சம்பளத்துல வரி?"

பல வருடங்களாகச் சம்பளப் பட்டியல் போடுகிறவள் நான். இந்தக் கேள்விக்கு அவனுக்குக் காட்ட ஒரு சட்டப் பிரிவு என்னிடம் இல்லை. வாரியத்திடமும் இல்லை என்பதுதான் என் புகார்.

கணக்கைப் பாருங்கள். இங்கிருந்து நான் சொல்லும் வரிப் பிரிவு எண்கள் எல்லாம், தம்பியிடம் வரி பிடித்தபோது நடப்பில் இருந்த 1961 சட்டத்தின் எண்கள். 2025-26 நிதியாண்டில் அவன் உண்மையில் வாங்கிய சம்பளம் ஆறு மாதத்துக்கு 2,88,000. வீதம் குறைவு, கழிவுகளும் குறைவு என்ற புதிய வரி முறையில் (2026இல் வந்த புதிய சட்டம் வேறு, இது வேறு) இதற்கு ஒரு ரூபாய்கூட வரி கிடையாது. காப்பீட்டுப் பணத்தைச் சம்பளத்தோடு சேர்த்ததும் மொத்தம் 14,18,000 ஆகிறது. நிலையான கழிவு 75,000 போனால் 13,43,000. பன்னிரண்டு லட்சம் வரை வரியே இல்லாமல் செய்யும் 87ஏ தள்ளுபடி, அதைத் தாண்டிவிட்டதால் போய்விடுகிறது. வரி 81,450, அதன் மேல் 4 சதவீத செஸ் 3,258. ஆக 84,708. கை முழுதாக இருந்து வருடம் முழுக்க வேலை பார்த்திருந்தால்கூட அவனுக்கு 5,76,000தான் வந்திருக்கும், வரி பூஜ்யம். இந்த 84,708 ரூபாய், பைசா மிச்சமில்லாமல், கை போனதற்காக மட்டும் வசூலிக்கப்பட்ட வரி. செயற்கைக் கைக்கு முன்பணமாகக் கொடுக்க அவன் ஒதுக்கி வைத்திருந்ததை விட அது அதிகம்.

இதே தம்பியை அன்று காலை வேலைக்கு வரும் வழியில், வாளையார் சோதனைச் சாவடியைத் தாண்டி, 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு லாரி இடித்து இதே கை போயிருந்தால்? மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் இழப்பீடு கொடுக்கும். உடலுக்கு நேர்ந்த நஷ்டத்துக்கான அந்தத் தொகையை யாரும் வருமானம் என்று பார்ப்பதில்லை. அந்தத் தொகைக்கான வட்டிக்கு வரி பிடிக்கலாமா என்பதில்தான் வெகுகாலம் தகராறு இருந்தது. 2019இல் மும்பை உயர்நீதிமன்றம் பிடிக்கக் கூடாது என்றது. 2026 பட்ஜெட்டில் அந்த வட்டிக்கும் வரி இல்லை, டிடிஎஸ்ஸும் இல்லை என்று நிதியமைச்சர் அறிவித்தார். நல்ல முடிவு, மனதார வரவேற்கிறேன். ஆனால் நெடுஞ்சாலையில் போன கைக்கு வட்டிக்குக்கூட வரி இல்லை, அந்த நெடுஞ்சாலையை ஒட்டிய கம்பெனி காம்பவுண்டுக்குள் போன கைக்கு அசலிலேயே பிடித்தம் என்றால், இதில் என்ன நியாயம் இருக்கிறது? சாலையில் அடிபட்டவனுக்கு ஒரு நீதிமன்றம் பேசியது, ஒரு பட்ஜெட் பேசியது. தொழிற்சாலையில் அடிபட்டவனுக்காக யாரும் பேசவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சட்டத்துக்கு இரக்கம் தெரியாது என்று நான் சொல்லவில்லை. 1961 சட்டத்தின் 10ஆம் பிரிவைப் புரட்டினால் எத்தனையோ பேரை நினைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஆட்குறைப்பில் வேலை போனவருக்கு 5 லட்சம் வரை விலக்கு. விருப்ப ஓய்வில் போனவருக்கு 5 லட்சம். பணிக்கொடைக்கு 20 லட்சம், ஓய்வுபெறும்போது விடுப்பைப் பணமாக்கினால் 25 லட்சம். போபால் விஷவாயு இழப்பீட்டுக்குத் தனி உட்பிரிவு. வெள்ளம், நிலநடுக்கம் போன்ற பேரிடரில் அரசு கொடுக்கும் நிவாரணத்துக்கு இன்னொன்று. உடல்நலக் குறைவால் வேலையை விட நேர்ந்தால் ஐந்து வருடம் முடியாவிட்டாலும் பிஎஃப் பணத்துக்கு வரி கிடையாது. பணியில் ஊனமுற்று விடுவிக்கப்பட்ட ராணுவ வீரரின் ஊன ஓய்வூதியத்துக்கு வரி இல்லை என்று 2019இல் நீங்களே சுற்றறிக்கை விட்டீர்கள். ஆயுள் காப்பீட்டு பாலிசியில் வரும் எந்தத் தொகைக்கும், சில நிபந்தனைகளோடு, 10(10டி) விலக்கு கொடுக்கிறது. அந்த ஆயுள் பாலிசியோடு ஊனத்துக்கான கூடுதல் பாதுகாப்பு (ரைடர்) ஒன்றைச் சேர்த்து எடுத்திருந்தால் அதுவும் அந்த நிழலில் வந்துவிடும். ஆனால் விபத்து பாலிசியைக் கொடுப்பது பொதுக் காப்பீட்டு நிறுவனம். அது ஆயுள் பாலிசி இல்லை. அதற்கு ஒரு வரிகூட இல்லை.

கடன் கொடுத்தவன்கூடத் தொட முடியாத பணம் இது என்பதையும் சட்டம் வேறு இடத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அந்த இழப்பீட்டை ஜப்தி செய்யக் கூடாது என்றது. இஎஸ்ஐ சட்டத்தின் 60ஆம் பிரிவும் ஊன உதவித்தொகையைப் பற்றி அப்படியே சொன்னது. உடம்பை விட்டுக் கிடைத்த பணம் அந்த உடம்புக்கே போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணம் நூறு வருடமாக நம் தொழிலாளர் சட்டங்களில் இருக்கிறது. வரிச் சட்டத்துக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

இந்தப் பணம் எப்படிச் சம்பளமாக மாறுகிறது என்பதை, அந்த மேசையில் உட்கார்ந்து பழகியவள் என்ற முறையில் விளக்க வேண்டும். டெல்லியில் இருப்பவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. குரூப் பாலிசியில் பாலிசிதாரர் கம்பெனிதான், தொழிலாளி அதில் ஒரு பெயர் மட்டும். ஆகவே பல சமயம் கிளெய்ம் பணம் கம்பெனியின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. வந்ததும் கணக்கில் அது வரவு. வரவை அப்படியே விட்டால் கம்பெனிக்கு லாபம் ஏறி வரி வரும். அதை நேர் செய்ய ஒரு செலவு காட்ட வேண்டும். தொழிலாளிக்குக் கொடுத்ததை எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது? சம்பளத் தலைப்பில் எழுதினால் எந்த ஆடிட்டரும் கேள்வி கேட்க மாட்டார். சாஃப்ட்வேரிலும் அந்தத் தலைப்புதான் தயாராக இருக்கிறது. சம்பளம் என்று எழுதிவிட்ட பிறகு சம்பளத்தில் வரி பிடிக்கச் சொல்லும் 192ஆம் பிரிவு வந்து உட்கார்ந்துகொள்கிறது, டிடிஎஸ் பிடித்தே ஆக வேண்டும். முதலாளியிடமிருந்து வரும் எந்தப் பணத்தையும் சம்பளத்துக்கு ஈடான லாபம் என்று பார்க்க 17(3) ஏற்கெனவே வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. இப்படி மூன்று நான்கு எழுத்து மாற்றங்களில் ஒரு கை சம்பளமாகிவிடுகிறது.

பிடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று என்னிடம் கேட்கும் சிறு முதலாளிகளுக்கு நான் உண்மையைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னால் ஒரு அதிகாரி இது சம்பளம்தான் என்று சொன்னால், பிடிக்காத வரிக்குக் கம்பெனியே பொறுப்பு. மாதம் 1 சதவீதம் வட்டி. போதாததற்கு அந்தச் செலவில் 30 சதவீதத்தை ஏற்க மாட்டோம் என்று தள்ளிவிடலாம். பிடித்துக் கட்டிவிட்டால் கம்பெனிக்கு எந்தத் தொல்லையும் இல்லை. ஒரு பக்கம் முழுக்க ஆபத்து, மறுபக்கம் ஒன்றுமே இல்லை என்றால் அறுபது பேரை வைத்து நடத்தும் ஒரு பட்டறைக்காரர் எந்தப் பக்கம் போவார்? தம்பியின் கம்பெனி முதலாளியைப் போய்ப் பார்த்தேன். மலையாளி, நல்ல மனிதர். "எனக்கு மட்டும் பிடிக்க ஆசையா? வரி இல்லைன்னு எங்காவது ஒரு வரி எழுத்தில் காட்டுங்க, நாளைக்கே அடுத்த ஆளுக்குப் பிடிக்காம கொடுத்துடறேன்" என்றார். பக்கத்து ஊர் வரி அலுவலகம் ஒன்றில் கேட்டபோது அங்கிருந்தவர் என்னைத் திருப்பிக் கேட்டார்: "விலக்குன்னு எந்தப் பிரிவுல இருக்கு, காட்டுங்க." இரண்டு பேரும் கேட்டது ஒரே காகிதத்தை. அந்தக் காகிதத்தை எழுத வேண்டியவர்கள் நீங்கள்.

இன்னொன்றும் என் கண் முன்னால் நடக்கிறது. அதே சாலையில் வேறொரு கம்பெனியில், ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு இளைஞனுக்கு விரல்கள் போயின. அவனுடைய காப்பீட்டு நிறுவனம் பணத்தை நேரே அவன் கணக்கில் போட்டது. டிடிஎஸ் இல்லை, பே ஸ்லிப் இல்லை, கேள்வி இல்லை. அவனுக்குப் பிடித்திருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. பணம் எந்த வங்கிக் கணக்கு வழியாக வந்தது என்பதைப் பொறுத்து வரி உண்டு, இல்லை என்று ஆகக் கூடாது என்கிறேன். காயம் ஒரே மாதிரி, பாலிசி ஒரே மாதிரி, பாதை மட்டும் வேறு.

பிரிமியத்தைப் பொறுத்தவரை இவ்வளவு குழப்பம் இல்லை. அதற்கு எங்கள் கேரளத்துக்கும் ஒரு பங்கு உண்டு. கோழிக்கோட்டில் இயங்கிய ஆங்கில-ஸ்காட்டிஷ் கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கத்தின் ஊழியர் எல்.டபிள்யூ. ரஸ்ஸல் வழக்கில் 1964இல் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது. முதலாளி ஒரு நிதிக்குச் செலுத்தும் பங்கு, அது ஊழியருக்கு உரிமையாகக் கைக்கு வராத வரை, அவருடைய வருமானம் ஆகாது. ஓய்வுக்கால நிதி பற்றிய அந்த வழக்கின் தத்துவப்படிதான் இன்றும் குரூப் விபத்து பாலிசியின் பிரிமியத்தை ஊழியரின் சம்பளத்தில் நாங்கள் சேர்ப்பதில்லை. முதலாளி அதை வியாபாரச் செலவாக 37(1)இல் கழித்துக்கொள்கிறார். சரி. அதே ஊழியர் தன் கையிலிருந்து பிரிமியம் கட்டினால்? மருத்துவக் காப்பீட்டுக்கு 80டி கழிவு இருக்கிறது, விபத்து பாலிசிக்கு அதுவும் கிடையாது. முதலாளி கட்டினால் கழிவு, தொழிலாளி கட்டினால் இல்லை. அந்தத் தொழிலாளி வரி கட்டிய சம்பளத்திலிருந்து பிரிமியம் கட்டி, கை போன பிறகு வரும் பணத்துக்கும் வரி கட்டுகிறான். என் தம்பி கூட்டிக்கொண்ட அந்தப் பாதி இதுதான். 10 லட்சத்தில் 5 லட்சம் அவன் சொந்தக் காசில் வாங்கிய பாதுகாப்பு. அதை முதலாளி கொடுத்த சம்பளம் என்று எழுத யாருக்கு என்ன உரிமை?

அமெரிக்காவில் இதற்கு ஒரு விதி பல காலமாக இருக்கிறது. ஊனக் காப்பீட்டின் பிரிமியத்தை ஊழியர் தன் வரி கட்டிய சம்பளத்திலிருந்து கட்டினால் வரும் உதவித்தொகைக்கு வரி இல்லை. முதலாளி கட்டி, அது ஊழியரின் வருமானத்தில் சேராமல் இருந்தால், சம்பளத்துக்குப் பதிலாக வரும் தொகைக்கு வரி உண்டு. இருவரும் பங்கு போட்டுக் கட்டினால் அந்த விகிதப்படி. ஆனால் எத்தனை நாள் வேலைக்கு வரவில்லை என்ற கணக்கைப் பார்க்காமல், ஒரு உறுப்போ அதன் செயலோ நிரந்தரமாகப் போனதற்காகக் கொடுக்கும் தொகை என்றால், முதலாளி கட்டிய பாலிசியாக இருந்தாலும் வரி இல்லை. இதை அப்படியே இங்கே கொண்டுவாருங்கள் என்று கேட்கவில்லை. நம் சம்பளமும் வேறு, பாதுகாப்பும் வேறு. ஆனால் பாலிசியில் சேரும் நாளிலேயே இரு தரப்புக்கும் நாளைக்கு என்ன ஆகும் என்று தெரிகிறது, பாருங்கள். அது இங்கேயும் முடியும்.

வாராந்திர உதவித்தொகை விஷயத்தில் எதிர்த்தரப்பு வாதம் எனக்கும் புரிகிறது. வாரம் 5,000 என்பது போன சம்பளத்துக்குப் பதிலாக வருவது, சம்பளத்துக்கு வரி உண்டென்றால் அதற்கும் உண்டு என்று சொல்லலாம். அந்த வாதத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. அப்படித்தான் முடிவு என்றால் அதையும் எழுதிச் சொல்லுங்கள். ஆனால் அந்த 1,30,000 மட்டும் சம்பளத்தோடு சேர்ந்திருந்தால் தம்பியின் வருடம் 4,18,000தான், அப்போதும் வரி வந்திருக்காது. அவனைப் பன்னிரண்டு லட்சத்துக்கு மேலே தூக்கியது கைக்காக வந்த அந்த 10 லட்சம். அந்தப் பத்து லட்சம் அவன் இனி 58 வயது வரை இழக்கப்போகும் திறனுக்கான ஒரே தொகை. அதை ஒரே வருடத்து வருமானமாகப் பார்ப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

மாற்றுத்திறனாளிகளுக்கு 80யூ இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் என்றால் 75,000, 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 கழிக்கலாம். ஆனால் 2023-24 முதல் தானாக வந்து நிற்பது புதிய வரி முறை. அதில் 80யூ செல்லாது. அதைப் பெறப் பழைய முறைக்குப் போனால் தம்பிக்கு வரும் வரி 2,08,416. கழிவும் கிடைத்து, வரியும் இரண்டரை மடங்குக்கு அருகில் போகும். ஒரு சலுகையைச் சட்டத்தில் வைத்துவிட்டு, அதை எடுத்தால் நஷ்டம் வரும்படி செய்திருப்பது மாற்றுத்திறனாளிக்கு உதவி இல்லை.

ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். உடல் இழப்புக்கு வந்தது மூலதன வரவு, வருமானம் இல்லை என்று சொல்லி விலக்கு கேட்கலாம்தான், கேட்கப் போகிறோம். ஆனால் கம்பெனி கொடுக்கும் வரிச் சான்றிதழான பார்ம் 16இல் 14,18,000 என்று இருக்கும்போது ரிட்டர்னில் 2,88,000 என்று போட்டால் முதலில் வருவது பொருந்தவில்லை என்ற அறிவிப்பு. அதற்குப் பதில், அதன் மேல் ஒரு உத்தரவு, அதற்கு மேல்முறையீடு. கணக்கு வேலை பார்க்கும் அக்கா இருக்கிற வீட்டில் இதைச் செய்யலாம். கஞ்சிக்கோட்டில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் எங்கள் எல்லையோர ஊரான வேலந்தாவளத்திலிருந்தும் வந்து பிரஸ்ஸில் நிற்கிறவர்களுக்கு யார் செய்வார்கள்? பாலிசி புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, அறிவிப்பு ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும். தமிழ் மட்டும் படித்தவர் அதை மடித்து அலமாரியில் வைத்துவிடுவார், கெடு தாண்டிவிடும்.

ஆகவே வாரியத்திடம் நான் கேட்பவை இவை.

முதலாவதும் முக்கியமானதும் ஒரு சுற்றறிக்கை. சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, அதிகாரிகளுக்கு வழிகாட்டும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. விபத்து அல்லது ஊனக் காப்பீட்டு பாலிசியில் நிரந்தர ஊனத்துக்காக வரும் மொத்தத் தொகை, பிரிமியம் யார் கட்டியிருந்தாலும், பணம் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து நேராக வந்தாலும் முதலாளி கணக்கு வழியாக வந்தாலும், சம்பளம் ஆகாது, டிடிஎஸ் பிடிக்கத் தேவையில்லை என்று அதில் எழுதுங்கள். அடுத்த நிதி மசோதாவில் அதையே விலக்குப் பட்டியலில் ஒரு உட்பிரிவாக்கப் பரிந்துரையுங்கள்.

வாராந்திரத் தொகைக்கு விதி எதுவானாலும் தெளிவாக வரட்டும். குறைந்தபட்சம், தொழிலாளி சொந்தச் சம்பளத்தில் பிரிமியம் கட்டிய பங்குக்கு வரி இல்லை என்பது அதில் இருக்க வேண்டும்.

முதலாளிகளுக்கு இரண்டு விஷயம் எழுத்தில் வேண்டும். கிளெய்ம் பணத்தை வாங்கித் தொழிலாளிக்கு அப்படியே கொடுத்த கம்பெனிக்கு அது வரவும் இல்லை செலவும் இல்லை, வழியில் கைமாறிய பணம் மட்டுமே என்று கணக்கில் காட்டலாம் என்பது ஒன்று. வரி பிடிக்காததற்காக வட்டியோ செலவில் 30 சதவீதத்தை ஏற்க மறுப்பதோ அவர்கள் மேல் வராது என்பது மற்றொன்று. காலாண்டு டிடிஎஸ் படிவத்திலும் பார்ம் 16க்குப் பதிலாக வரும் சான்றிதழிலும் இதற்கென்று தனிப் பத்தி கொடுங்கள். பத்தி இருந்தால் எங்களைப் போன்றவர்கள் "இதர வருவாய்" என்ற தலைப்பைத் தேடிப் போக மாட்டோம்.

ஏற்கெனவே பிடிக்கப்பட்டவர்களுக்குப் பணம் திரும்ப வேண்டும். தாமதமான ரீஃபண்ட் கோரிக்கைகளை ஐந்து ஆண்டு வரை ஏற்க 2024 அக்டோபரில் நீங்கள் விட்ட சுற்றறிக்கை வழி செய்கிறது. அந்த வழியில் இவர்களும் வரலாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் கிளெய்ம் கடிதமும் ஊனச் சான்றிதழும் இணைத்த ரிட்டர்னைப் பொருந்தவில்லை என்ற காரணத்தால் இயந்திரம் தானாகத் திருத்தக் கூடாது. ஒரு அதிகாரி பார்க்க வேண்டும்.

80யூ கழிவைப் புதிய வரி முறையிலும் அனுமதிக்க அரசுக்குப் பரிந்துரை செய்யுங்கள்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தோடு பேசி, குரூப் விபத்து பாலிசியின் ஊனத் தொகை நேரே தொழிலாளியின் வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும் என்று கட்டாயமாக்கச் சொல்லுங்கள். இந்த மடலின் நகலை அந்த ஆணையத்துக்கும் அனுப்புகிறேன்.

இவற்றை எல்லாம் சொல்லும் விளக்கக் குறிப்பு ஒன்று, இரண்டு பக்கம் போதும், எல்லைத் தாலுகாக்களின் தொழிற்பேட்டைகளுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் வர வேண்டும். கம்பெனி அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி கேட்டு, பாதுகாப்பு விதிகளுக்குப் பக்கத்தில் அதை ஒட்ட வையுங்கள்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு சம்பளக் கணக்காளர்